வன்னி வெயிலில் செயற்கைப் பாறை மாதிரிகள்: ரெஜிபோமும் எண்ணெய்க் களியும் பல வருசப் பாவனையில்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கலியாண மண்டபங்களிலும் விடுதி முற்றங்களிலும் கம்பியும் வலையும் கட்டி, சிமெந்துச் சாந்து பூசி, செயற்கைப் பாறையும் நீர்வீழ்ச்சியும் செய்து கொடுப்பது என் தொழில். 1:20 அளவில் ஒரு மாதிரி செய்து பார்க்காமல் கம்பி வெட்டத் தொடங்குவதில்லை. பலர் இந்த மாதிரியை வீட்டுக்காரருக்குக் காட்டுகிற அழகுப் பொருளாகவே நினைக்கிறார்கள். எனக்கு அது முதலில் அளவெடுக்கிற கருவி. ஆகவே ஒரு பொருள் எங்கள் வெயிலிலும் மாரியிலும் அளவு மாறாமல் நிற்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

குயவர் களியில் கை நன்றாக ஓடும், விலையும் இல்லை. ஆனால் காயக் காயச் சுருங்கும், வெடிக்கும். காலையில் எடுத்த அளவு பின்னேரம் இருக்காது. பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் பை ஒருதரம் திறந்துவிட்டால் கார்த்திகை, மார்கழி ஈரத்தை இழுத்துவிடும். பிறகு ஒழுங்காக இறுகாது. இரண்டையும் விட்டுவிட்டேன்.

இப்போது உள்ளுடம்பு ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் தட்டு, மேல்தோல் எண்ணெய்க் களி. டீவிப் பெட்டிக்குள் வருகிற ரெஜிபோம் சும்மா கிடைத்தாலும் மணிமணியாக உதிர்ந்து விளிம்பே வராது. அடர்த்தி கூடிய தட்டைக் காசு கொடுத்து வாங்குவதே லாபம். வெட்டுவதற்கு மின்சாரத்தில் சூடேறுகிற நிக்குரோம் கம்பி. கம்பி சிவக்கத் தேவையில்லை. சிவந்தால் வெட்டு அகன்று புகைதான் வரும், அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது, திறந்த கொட்டிலில் நின்றுதான் வெட்ட வேண்டும். சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்றுப் பட்டுக் கம்பி ஆறிப் பாதியில் இழுபடும். காற்று வருகிற பக்கம் ஒரு படங்கைக் கட்டினால் வெட்டு நேராக ஓடும். தின்னர், பெற்றோல், ஸ்பிறே பெயின்ட் எதையும் இதற்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது, தொட்ட இடம் உருகிக் குழியாகிவிடும். வெள்ளைப் பசை இரண்டு பூச்சு, அதன்மேல் தண்ணீரில் கரைகிற பெயின்ட். அவ்வளவும் போதும்.

எண்ணெய்க் களியின் பெரிய குணம், அது காயாது. போன வருச மாதிரியைப் பிரித்து அதே களியில் இந்த வருச வேலையைச் செய்கிறேன். அதன் குறை வெயிலில்தான் தெரியும். அதில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் சித்திரை மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் கூர் விளிம்பெல்லாம் மழுங்கிவிடும். மூன்று தரத்தில் வருகிறது என்றால் எங்களுக்கு மிக இறுக்கமானதே சரி. வெடிப்புக் கோடு கீறுவதற்கு முன் அரைமணித்தியாலம் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் கத்தி வெட்டிய மாதிரியே நிற்கும். மாதிரியிலிருந்து சிலிக்கன் அச்சு எடுக்க நினைப்பவர்கள் கந்தகம் கலக்காத களியா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கந்தகம் இருந்தால் பிளாட்டினம் வகைச் சிலிக்கன் இறுகாமல் பிசுபிசுத்தபடி கிடக்கும்.

மாதிரியின் உண்மையான பெறுமதி கணக்கில் தெரியும். 60 சென்ரிமீற்றர் நீளம், 20 உயரம் என்றால் நிலத்தில் 12 மீற்றருக்கு 4 மீற்றர். தட்டையாகக் கணக்குப் பார்ப்பவர் 48 சதுர மீற்றர் என்று விலை சொல்லிவிடுவார். நான் அலுமினியத் தாளை ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விரலால் அழுத்தி ஒட்டி, மேலே மேலே விழுகிற துண்டுகளை வெட்டியெறிந்து, மீதியை உரித்து நகைத் தராசில் நிறுப்பேன். அளவு தெரிந்த ஒரு துண்டின் நிறையோடு ஒப்பிட்டால் பரப்பு வந்துவிடும். 0.18 சதுர மீற்றர் வந்தால், 20ஐ 20ஆல் பெருக்கி 400 மடங்கு, 72 சதுர மீற்றர். 5 சென்ரிமீற்றர் கனத்துக்கு 3.6 கன மீற்றர் சாந்து. 1:3 கலவையில் கன மீற்றருக்குச் சுமார் 10 பை சிமெந்து. தட்டைக் கணக்கு 24 பை, தாள் கணக்கு 36 பை! நிறையும் எட்டுத் தொன்னுக்குக் கிட்ட வரும், அத்திவாரத்தை அதற்கேற்பப் போட வேண்டும்.

கம்பி கட்டும்போதும் மாதிரி பக்கத்தில் நிழலில் இருக்கும். மேசன் அண்ணையிடம், "அண்ணை, இந்தத் தட்டு இதில ஒண்டரைச் சென்ரிமீற்றர் முன்னுக்கு நிக்குது, அங்க ஓரடி வரும்" என்றேன் ஒருமுறை. அவர் குனிந்து அடியைப் பார்த்துவிட்டு, "அப்ப கீழால இன்னொரு கம்பி குடுக்கோணும் தம்பி" என்றார். படத்தைக் காட்டியிருந்தால் அந்தப் பேச்சே வந்திராது.

ஹம்பேர்க்கில் 1907இல் திறந்த ஹாகன்பெக் விலங்குப் பூங்காவுக்குச் சுவிஸ் சிற்பி ஊர்ஸ் எக்கன்ஷ்வைலர் செயற்கை மலைகள் செய்து கொடுத்தார். அங்கே கம்பிக்கூடு இல்லை, விலங்குக்கும் சனத்துக்கும் நடுவே அகழிதான். அளவு பிசகினால் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பாறையின் குணத்தையும் மாதிரியிலேயே தீர்மானிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கருங்கல் நைஸ் (gneiss) என்கிற உருமாறிய பாறை. வெள்ளையும் கருமையுமாக வரி ஓடும், வெளித்தோல் தட்டுத் தட்டாகக் கழரும், மூலைகள் உருண்டிருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோ பொத்தலும் கூருமானது. இரண்டையும் ஒரே சுவரில் கலந்தால் பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பொய் என்று பட்டுவிடும். நான் ரெஜிபோமில் ஈர்க்குகளை ஒரே சரிவில் வரிசையாகக் குத்திவைப்பேன். களி பூசும்போது எல்லாக் கல்லிலும் வரி அந்தச் சரிவிலேயே போகும். உருண்டு விழுந்ததாகக் காட்டுகிற கல்லுக்கு மட்டும் விலக்கு. நுணுக்கமான பொருக்கு வேண்டாம். இதில் 1 மில்லிமீற்றர் கீறல் அங்கே 2 சென்ரிமீற்றர் வெடிப்பு.

மாதிரி கைவிடுகிற ஓர் இடம் தண்ணீர். 1:20இல் ஊற்றினால் நீர் பாறையின் அடியை ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடும், ஏனென்றால் உருவத்தைச் சிறிதாக்கினாலும் நீரின் பரப்பு இழுவிசை சிறிதாவதில்லை. அதை நம்பி வடிவத்தை மாற்றாதீர்கள். நீர் விழுகிற உதட்டை மட்டும் ஒரு மீற்றர் அகலத்தில், உண்மை அளவில் சிமெந்தால் தனியாக வார்த்து, நீர் பின்னால் ஓடாதபடி அடியில் ஒரு காடி (நீளப் பள்ளம்) இழுத்து, பம்பைப் போட்டுப் பாருங்கள். காடியின் ஆழத்தையும் பம்பின் வலுவையும் அங்கேயே முடிவெடுத்துவிட்டுத்தான் வலை கட்டச் சொல்கிறேன்.