பெரியாஸ்பத்திரிக்கு அருகே ஒரு பள்ளிவாசலின் சேவையும் அதன் கட்டட நிதியும்

உசிலம்பட்டியிலிருந்து என் அண்ணனை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்து, 19 நாள் அவருக்குத் துணையிருந்த காலத்தில்தான் கோரிப்பாளையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் இந்தப் பள்ளிவாசலின் சேவை எனக்குத் தெரியவந்தது. 1940இல் எர்ஸ்கின் மருத்துவமனையாகத் தொடங்கி இன்றும் ஊர்வாயில் பெரியாஸ்பத்திரியாகவே வழங்கும் அந்த இடத்துக்குத் தேனி, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் ஆகிய மாவட்டங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். நோயாளிக்கு உள்ளேயே உணவு கிடைத்துவிடுகிறது. துணைக்கு வந்தவர் பாடுதான் திண்டாட்டம். அப்படி வந்தவர்களுக்கு இந்த ஜமாஅத்தின் (பள்ளிவாசல் சபையின்) இளைஞர்கள் வாரத்தில் மூன்று இரவு உணவும், ரமலான் மாதம் முழுவதும் நோன்புக் கஞ்சியும் கொடுக்கிறார்கள்.

நான் போனது ரமலானில். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் குழைய வெந்து, இறக்கும் தறுவாயில் தேங்காய்ப்பால் ஊற்றிய அந்தக் கஞ்சி, மூன்று நாளாகத் தேநீரும் பன்னுமாகக் கிடந்த என் வயிற்றுக்கு மருந்து போலவே இருந்தது. கறி சேர்த்தது ஒரு தேக்சாவிலும் (பெரிய அண்டா) சேர்க்காதது வேறொரு தேக்சாவிலும் இருந்தன. எது வேண்டும் என்று கேட்டார்களே தவிர, பெயரையோ ஊரையோ யாரும் கேட்கவில்லை. உப்பு ஒருநாள் தூக்கலாகவும் ஒருநாள் மட்டாகவும் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். நோன்புக் கஞ்சிக்கென்று தமிழக அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கிவருகிறது. பருப்பு, தேங்காய், கறி, விறகு ஆகிய எல்லாம் மஹல்லாவாசிகளின், அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்களின், கைப்பணம் என்று அடுப்படியில் நின்ற பாய் சொன்னார்.

அண்ணனை வீட்டுக்கு அனுப்பியபோது பிடித்து நடக்கும் நடைவண்டி (வாக்கர்) ஒன்று தேவைப்பட்டது. பள்ளிவாசலின் பொதுநிதியான பைத்துல்மால் அறையில் ஆதார் நகலும் 500 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் திருப்பியபோது அதே 500 ரூபாய் ஒரு காசு குறையாமல் கைக்கு வந்தது. ஆனால் வாங்கிவந்தபோதே வண்டியின் கால்களில் இரண்டுக்கு அடி ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. சிமெண்ட் தரையில் அது வழுக்கும் என்பதால் நானே உசிலம்பட்டியில் புதிது வாங்கி மாட்டினேன். கொடுக்கும் பொருளைப் பதிவேட்டில் எழுதுவதில் காட்டும் அக்கறையை, கொடுக்கும் முன் அதை ஒருமுறை தடவிப் பார்ப்பதிலும் காட்டலாம்.

இத்தனையும் நடக்கும் இடம்தான் போதவில்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் ஹவுளுக்கும் (நீர்த்தொட்டி) செருப்பு வைக்கும் திண்ணைக்கும் நடுவிலுள்ள நடைபாதையிலேயே கஞ்சி வாங்கும் வரிசையும் நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பாய் விரிப்பு தெருவரை வந்துவிடுகிறது. பெண்களுக்கென்று தனி இடம் கிடையாது. இறந்தவர் உடலை வைக்கும் ஐஸ் பெட்டியும் சுமந்துசெல்லும் சந்தூக்கும் மாடிப்படிக்குக் கீழே மழைச்சாரல் படும்படி கிடக்கின்றன. பின்புறத்து மனையையும் சேர்த்து இரண்டு மாடியில் புதிய கட்டடம் எழுப்ப அவர்கள் நிதி திரட்டுவது இதனால்தான்.

கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் உண்டியலைவிடக் கணக்கேட்டின் மேல்தான் என் கண் போகும். முதலில் மனத்துக்குப் பிடித்தது, ஜகாத்துக்கு ஒரு ரசீதுப் புத்தகமும் கட்டட நிதிக்கு வேறொரு ரசீதுப் புத்தகமும் வைத்திருப்பது. ஜகாத் என்பது வரம்புக்கு மேற்பட்ட செல்வத்தில் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு கட்டாயமாகக் கொடுக்கும் தர்மம்; அதைப் பெறத் தகுந்தவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆனே வரையறுத்திருப்பதால், அப்பணத்தைச் செங்கல்லுக்கும் சிமெண்ட்டுக்கும் செலவிடலாகாது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு. "ஏழையோட கையில போய்ச் சேரணும் ஐயா, சுவத்துல போய்ச் சேரக் கூடாது" என்று பள்ளிவாசலின் இமாமான ஹஜ்ரத் எனக்கு விளக்கினார். நடைவண்டி, சக்கர நாற்காலி போன்றவை ஒருவருக்குச் சொந்தமாகாமல் இரவலாகப் போய்வருவதால் அவற்றைக்கூடப் பொது நன்கொடையில்தான் வாங்குகிறார்கள். நான் தணிக்கை செய்த சங்கங்களில் இவ்வளவு கறாராகத் தலைப்புவாரி நிதியைப் பிரித்து வைத்தவை சிலவே.

வெளிநாட்டுப் பணத்திலும் அதே கவனம் தெரிந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதைச் சட்டம் அயல்நாட்டு நன்கொடையாகக் கருதுவதில்லை. மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடையாகிவிடும், அதற்கு மத்திய அரசின் பதிவோ அனுமதியோ வேண்டும். அப்படி வரவிருந்த பெருந்தொகை ஒன்றை வேண்டாமென்று சொல்லிவிட்டதாகப் பொருளாளர் கூறினார். வருமான வரிச் சலுகை இந்த நன்கொடைக்கு இல்லை என்பதையும் ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் சில மாதங்கள் கியூஆர் அட்டை நிர்வாகி ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது. இப்போது அதை மாற்றிவிட்டார்கள் என்றாலும், அந்த மாதங்களில் வந்த தொகை தனியாக எழுதப்படாமல் 'இதர வரவு' என்ற ஒரே வரியில் அடங்கிக் கிடக்கிறது. அறிவிப்புப் பலகையில் வரவு வெள்ளிதோறும் பெயர்வாரியாக ஏறுகிறது. செலவோ 'கட்டடப் பணி' என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறது. கம்பிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, எந்தக் கடையின் பட்டியல் என்று எழுதி ஒட்டினால், சதுர அடிக் கணக்கில் கூப்பன் வாங்கியவருக்குத் தன் சதுர அடி எங்கே நிற்கிறது என்று தெரியும்.

வரைபடத்தைக் கேட்டபோது தயங்காமல் விரித்துக் காட்டினார்கள். பெண்கள் தொழுமிடம் தனிப்படியோடு முதல் மாடியில் வருகிறது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறது, ஐஸ் பெட்டிக்கும் தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். என் மனம் ஒப்பாதது சமையற்கூடம். இத்தனை பேர் வாங்கிச் செல்லும் அடுப்படி, பின்மூலையில் ஒரு வீட்டுச் சமையலறை அளவுக்குத்தான் வரையப்பட்டிருக்கிறது. முகப்பு மினாராவோ காகிதத்தின் மேல் விளிம்பைத் தொடுகிறது. மினாரா ஊருக்கு அழகு என்பதை மறுக்கவில்லை, தூரத்திலிருந்து வருபவருக்கு அடையாளமும் அதுதான். ஆனால் வெளியூர்க்காரனான எனக்கு அந்தப் பள்ளிவாசலைக் காட்டிக்கொடுத்தது தூக்குவாளியோடு வந்த ஒரு அருப்புக்கோட்டை அம்மாள். அடுப்படியை இரட்டிப்பாக்கி, கழிப்பறை இரண்டைத் துணையாட்களும் பயன்படுத்தும்படி தெருப்பக்கம் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி வாங்கிப் படித்துவிட்டு, பொறியாளரிடம் காட்டுவதாகச் சொன்னார்; அதன்பின் பதில் வரவில்லை.

நானும் உணவுக் கணக்கில் ஒரு தொகை எழுதினேன். கட்டடக் கணக்கில் எழுதுவதைத் திருத்திய வரைபடத்தைப் பார்த்தபின் முடிவுசெய்வேன். போகிறவர்கள் கவனத்துக்கு: ரமலானில் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் டோக்கன் தருகிறார்கள், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபுக்கு அரைமணி முன்பே தேக்சா காலியாகிவிடுகிறது, பாத்திரம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பைத்துல்மால் அறை வெள்ளிக்கிழமை மதியம் திறந்திருக்காது. நடைவண்டி வாங்கினால் அடி ரப்பர் நான்கையும் அங்கேயே கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.