ஒரே தேதி, இரண்டு தோல்விகள்: 2016-ஆ, 2022-ஆ?

2016 ஏப்ரல் 4, திங்கட்கிழமை. 2022 ஏப்ரல் 4, அதுவும் திங்கட்கிழமை. இரண்டு இரவிலும் நார்த் கரோலினா அணி கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிப் போட்டியில் ஆடியது. இரண்டிலும் சரியாக 3 புள்ளியில் தோற்றது. வில்லனோவாவிடம் 77-74, கான்சஸிடம் 72-69. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சாப்பல் ஹில் ஊரின் சுற்றுவட்டாரத்தில் கரோலினா ரசிகர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: இரண்டில் எது பெரிய அடி?

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் 2016 என்பார்கள். இன்னொரு கூட்டம் 2022தான் மோசம் என்று கணக்குப் போட்டு வாதாடும். பல வருடம் நான் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருந்தவன். இப்போது இல்லை. ஏன் மாறினேன் என்று சொல்வதற்குள் இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. என்.சி.ஏ.ஏ. என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு. மார்ச்சில் தொடங்கும் அதன் தொடரில் அறுபதுக்கும் மேற்பட்ட அணிகள். நாலு பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தர வரிசை எண் உண்டு, அதைத்தான் சீட் என்பார்கள். ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ. மாதிரி ஏழு ஆட்டத் தொடர் கிடையாது. அதோடு, ஆடுகிறவர்கள் எல்லோரும் மாணவர்கள். வழக்கமாக நாலு வருடம், அதற்குப் பிறகு அந்தச் சீருடை அவர்களுக்கு இல்லை. "சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று பல்கலைக்கழகம் சொல்லலாம், ரசிகன் சொல்லலாம். கடைசி வருட மாணவன் சொல்ல முடியாது.

2016: அந்த 4.7 நொடி

ஹூஸ்டன், என்.ஆர்.ஜி. மைதானம், 74,000-க்கும் மேல் கூட்டம். இடைவேளையில் கரோலினா 39-34 என்று முன்னிலை. அதன் பிறகு வில்லனோவா தொட்டதெல்லாம் கூடையில் விழுந்தது. அன்று முழுக்க அவர்கள் எறிந்ததில் பாதிக்கு மேல் உள்ளே போனது. ஐந்து நிமிடம் சொச்சம் இருக்கும்போது கரோலினா 10 புள்ளி பின்னால். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி 13 நொடியில் 74-71 என்ற இடத்தில் நிற்கிறோம். மூன்று புள்ளி வேண்டும்.

நம் மார்கஸ் பேஜ் பந்தை வாங்கி எம்பினார். தடுக்க வந்தவர் கையை நீட்டியபடி நேராக அவர் மேல் பறந்து வருகிறார். அப்படியே எறிந்திருந்தால் பந்து அந்தக் கையில் பட்டுக் கீழே விழுந்திருக்கும். பேஜ் காற்றில் இருந்தபடியே பந்தைக் கீழே இறக்கினார், வந்தவர் தாண்டிப் போகும்வரை பொறுத்தார், கீழே விழத் தொடங்கும் நேரத்தில் மறுபடி மேலே ஏற்றி விட்டார். கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து கிடந்தன. கூடைப்பந்து சொல்லித்தரும் எந்தப் பயிற்சியாளரும் அப்படி எறியச் சொல்ல மாட்டார். பந்து உள்ளே போனது. 74-74.

அன்று சாப்பல் ஹில்லுக்குப் பக்கத்து ஊரான கேரியில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்தார். "ஜெயிச்சாச்சாடா?" என்று கேட்டார். நண்பர் திரும்பிப் பார்க்காமலே "ஆச்சும்மா, ஆச்சு" என்றார். ஸ்கோர் சமம்தான், ஆனாலும் அந்த வீட்டில் யாருக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. அப்படி ஒரு ஷாட் போட்ட அணி தோற்காது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மிச்சம் 4.7 நொடி. வில்லனோவாவின் கிறிஸ் ஜென்கின்ஸ் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை ரயன் ஆர்ச்சிடியாகோனோவிடம் எறிந்தார். அவர் மைதானத்தின் நீளத்துக்கும் ஓட்டிக்கொண்டு வர, எல்லோர் கண்ணும் அவர் மேல். பந்தை உள்ளே எறிந்தவர் பின்னாலேயே நடை ஓட்டமாக வந்ததைக் கவனிக்கத் தவறிய ஒரு கணம் போதுமாக இருந்தது. ஆர்ச்சிடியாகோனோ பந்தைப் பின்னால் தட்டினார், ஜென்கின்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே பலகையைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வலையில் விழுந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது.

நண்பருடைய அம்மா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "அப்புறம் ஏன்டா எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜென்கின்ஸை எடுத்து வளர்த்தது நேட் பிரிட் என்ற கரோலினா வீரரின் பெற்றோர். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர், அந்தக் கடைசி நொடியில் எதிரெதிர்ப் பக்கத்தில்.

2022: சொட்டுச் சொட்டாக

இது நடந்தது நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோமில். கரோலினா ரசிகனுக்கு அது ராசியான இடம். 1982-ல் அங்கேதான் மைக்கேல் ஜோர்டன் முதல் வருட மாணவனாக வெற்றி ஷாட்டை அடித்தார், ஜார்ஜ்டவுனை 63-62 என்று வென்றோம். அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஜார்ஜ்டவுனின் ஃப்ரெட் பிரவுன் தன் அணிக்காரர் என்று நினைத்து நம் ஜேம்ஸ் வொர்த்தியிடமே பந்தைக் கொடுத்துவிட்டார். 1993-ல் அதே கூரையின் கீழ் மிச்சிகனின் கிறிஸ் வெபர், இரண்டு புள்ளி பின்னால் இருக்கும்போது, கையிருப்பில் இல்லாத டைம்அவுட்டைக் கேட்டார். அதற்கான தண்டனையோடு ஆட்டம் 77-71 என்று நம் பக்கம் முடிந்தது. அப்போது நம் பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித்தின் இரண்டு கோப்பைகளும் அந்த ஒரே கட்டிடத்தில் வந்தவை. இரண்டிலும் எதிர்ப்பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவன் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய ஒரு தவறு இருக்கிறது. சின்ன வயதுக்காரர்கள் இந்த இரண்டையும் கொண்டாட்டமாக மட்டுமே பார்க்கிறார்கள். நான் இப்போதெல்லாம் பிரவுனையும் வெபரையும் நினைக்காமல் அந்த வீடியோக்களைப் பார்ப்பதில்லை.

2022-க்கு வருவோம். கரோலினா அந்தத் தொடருக்குள் 8-ஆம் சீடாக நுழைந்த அணி. ஹூபர்ட் டேவிஸ் தலைமைப் பயிற்சியாளராக இருந்த முதல் வருடம். இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 2-ஆம் தேதி, பக்கத்து ஊர்ப் பரம எதிரியான டியூக்கை அரையிறுதியில் 81-77 என்று வென்றோம். என்.சி.ஏ.ஏ. தொடரில் இந்த இரண்டு அணிகளும் மோதியது அதுவே முதல் தடவை. டியூக்கின் மைக் ஷஷெவ்ஸ்கி பயிற்சியாளராக நின்ற கடைசி ஆட்டமும் அதுதான். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய வெற்றி இனி வராது என்று சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது: நம் அர்மாண்டோ பேகாட்டின் கணுக்கால் அந்த ஆட்டத்தில் பிசகியது.

இறுதிப் போட்டி இடைவேளையில் கரோலினா 40, கான்சஸ் 25. பதினைந்து புள்ளி. அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க ஒரு தனி ஷாட் கிடையாது. முக்கிய ஆட்டக்காரர்களே கிட்டத்தட்ட முழு நேரமும் ஓடினார்கள், கால் தளர்ந்தது, ஷாட்கள் குட்டையாக விழுந்தன. கேலப் லவ் 24 தடவை எறிந்து 5-தான் உள்ளே போனது. ஆர்.ஜே. டேவிஸ் 17-ல் 5. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், ஒரு புள்ளி பின்னால், பேகாட் பந்தோடு உள்ளே நுழைகிறார், அதே கணுக்கால் மறுபடி மடங்குகிறது, பந்து போகிறது. கடைசியில் லவ் எறிந்த மூன்று புள்ளி வீச்சும் உள்ளே போகவில்லை. கான்சஸ் 16 புள்ளிப் பின்னடைவிலிருந்து மீண்டு வந்தது. இறுதிப் போட்டிகளின் வரலாற்றில் அவ்வளவு பெரிய மீட்சி அதற்கு முன் இல்லை.

எங்கள் கூட்டம் போடும் கணக்கு

2022-தான் மோசம் என்பதற்கு நாங்கள் அடுக்கும் காரணங்கள் வலுவானவைதான். 2016-ல் தோற்கடித்தது எதிராளியின் மகத்தான ஷாட். 2022-ல் கோப்பை இடைவேளை வரை நம் மடியில் இருந்தது. 2016-க்கு மருந்து மறு வருடமே கிடைத்தது, 2017-ல் கொன்சாகாவை 71-65 என்று வென்று கோப்பையை எடுத்தோம். 2022-க்குப் பிறகு நடந்ததோ நேர்மாறு. கிட்டத்தட்ட அதே அணி திரும்பி வந்தது, அடுத்த பருவத்தை நாட்டின் முதல் இடத்தில் தொடங்கியது, கடைசியில் என்.சி.ஏ.ஏ. தொடருக்குள் நுழையக்கூட முடியவில்லை. 2024-ல் பேகாட்டின் கடைசி ஆட்டமும் அலபாமாவிடம் 89-87 என்று தோல்வியில் முடிந்தது. புண் ஆறவே இல்லை.

இதே ரகத் தோல்வி இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. 2008 இறுதியில் மெம்ஃபிஸ் இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சமிருக்கும்போது 9 புள்ளி முன்னால் இருந்தது. கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் கிடைத்த ஐந்து ஃப்ரீ த்ரோவில் நாலைத் தவறவிட்டார்கள். ஃப்ரீ த்ரோ என்பது யாரும் தடுக்காமல் நின்ற இடத்திலிருந்து எறியும் பந்து. கான்சஸின் மாரியோ சால்மர்ஸ் 2.1 நொடி இருக்கும்போது சமப்படுத்தினார், ஓவர்டைம் என்ற கூடுதல் நேரத்தில் 75-68 என்று கான்சஸ் வென்றது. 2025-ல் டியூக் அரையிறுதியில் ஹூஸ்டனிடம் 35 நொடி இருக்கும்போது 6 புள்ளி முன்னிலையில் இருந்து 70-67 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து அதே ஹூஸ்டன் 12 புள்ளி முன்னிலையை விட்டு ஃப்ளோரிடாவிடம் 65-63 என்று தோற்றது. அவர்களுக்கு இன்றுவரை ஒரு கோப்பை கூட இல்லை.

வர்ஜினியாவின் 2018 தோல்வியைச் சிலர் இந்த வரிசையில் முதலில் வைப்பார்கள். முதல் சீட் அணி 16-ஆம் சீடான யு.எம்.பி.சி.யிடம் 74-54 என்று விழுந்தது, அதற்கு முன் 135 தடவை நடக்காத விஷயம். ஆனால் அது அவமானம். அதை ஒரு வெற்றி துடைத்துவிடும். 2019-ல் வர்ஜினியா கோப்பையை எடுத்ததும் துடைத்தும் விட்டது. இந்த வரிசையில் அதற்கு இடமில்லை என்பது என் கட்சி.

ஏன் மாறினேன்

2025-ல் டியூக் தோற்ற மறுநாள், அந்த அணியின் ரசிகரான ஒரு நண்பரிடம் பேசினேன். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் இருவரும் அடித்துக்கொள்ளாத வருடம் கிடையாது, அன்று எனக்கு வம்பு பேச மனம் வரவில்லை. அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்: அந்த ஃப்ரீ த்ரோ, உள்ளே எறியும்போது போன அந்தப் பந்து, உள்ளே போகாமல் திரும்பிய பந்தைப் பிடிக்கப் போய் வாங்கிய அந்த ஃபவுல், டியூக்கின் நட்சத்திரம் கூப்பர் ஃப்ளாக் எறிந்து குட்டையாக விழுந்த அந்தக் கடைசி ஷாட். "இதுல ஒண்ணு மட்டும் மாறியிருந்தா போதும்டா தம்பி" என்றார். பேசப் பேச அவர் குரல் கொஞ்சம் தெளிந்ததைக் கவனித்தேன்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். 2022-ஐ நான் வருடக்கணக்கில் இப்படித்தான் பேசித் தீர்த்திருக்கிறேன். கணுக்கால், களைப்பு, 24-ல் 5. பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது. காரணம் தெரிந்த தோல்வியோடு மனசு எப்படியோ ஒத்துப்போய்விடுகிறது. 2016-ல் அப்படி எதுவும் கிடையாது. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாகிவிட்டது, செய்யவே முடியாததையும் பேஜ் செய்துவிட்டார்.

2017 கோப்பை அதற்கு மருந்து என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கு மருந்து? ஜோயல் பெர்ரிக்கு, ஐசையா ஹிக்ஸுக்கு, நேட் பிரிட்டுக்கு. அவர்கள் எல்லோரும் மறு வருடமும் ஆடினார்கள். எனக்கும் கிடைத்தது, நான் எங்கே போகப் போகிறேன்? பேஜுக்கும் பிரைஸ் ஜான்சனுக்கும் 2016-தான் கடைசி வருடம். அந்தக் கோப்பை வந்தபோது அவர்கள் அந்தச் சீருடையில் இல்லை.

கென்டக்கிக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1992, ஃபிலடெல்பியா, டியூக்கோடு ஓவர்டைம். 2.1 நொடி இருக்கும்போது ஷான் வுட்ஸ் ஓடிக்கொண்டே எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே போனது, 103-102. ஆட்டம் அங்கேயே முடிந்திருந்தால் அந்த ஒரு ஷாட்டுக்காகவே அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். அடுத்து டியூக்கின் கிராண்ட் ஹில் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து எறிய, அவருக்கு முன்னால் தடுக்க ஆள் இல்லை. கிறிஸ்டியன் லேட்னர் பிடித்து, ஒரு தட்டுத் தட்டித் திரும்பி எறிந்தார். 104-103. தொலைக்காட்சியில் முப்பது வருடமாக லேட்னர் ஷாட்தான் ஓடுகிறது, வுட்ஸ் ஷாட்டை யாரும் போடுவதில்லை. கென்டக்கி 1996-லும் 1998-லும் கோப்பை எடுத்தது. வுட்ஸ் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டார். ஆனால் கென்டக்கி ஒரு காரியம் செய்தது. விதிமீறலுக்காக அணி தண்டனைக் காலத்தில் இருந்தபோதும் விட்டுப் போகாமல் ஆடிய அந்த நாலு கடைசி வருட மாணவர்களின் சட்டைகளை, வுட்ஸ் உட்பட, தன் சொந்த அரங்கமான ரப் அரங்கத்தின் கூரையில் ஏற்றி மாட்டியது. அதை நினைத்தால் எனக்கு எப்போதும் நிறைவாக இருக்கும்.

ஆகவே என் ஓட்டு 2016-க்கு. 2022-ல் ஒரு கோப்பை போனது. 2016-ல் கோப்பையோடு சேர்த்து, இறுதிப் போட்டிகளில் எறியப்பட்ட மிகச் சிறந்த ஷாட்களில் ஒன்றும் காணாமல் போனது. வேறு எந்த வருடமாக இருந்தாலும் அந்த 4.7 நொடிக்குப் பிறகு ஓவர்டைம் நடந்திருக்கும், பேஜின் ஷாட் ஜோர்டனின் ஷாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

2023-ல் பேஜ் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்து சாப்பல் ஹில்லுக்கே திரும்பி வந்தார். பெஞ்சில் அவரைக் காட்டியபோது என் பையன், "இவர் நல்லா ஆடுவாராப்பா?" என்றான். போனை எடுத்து அந்த ஷாட்டைப் போட்டுக் காட்டினேன். பந்து இறங்கி, மறுபடி ஏறி, உள்ளே விழுந்தது. பையன் வாயைத் திறந்தபடி பார்த்தான். "ஜெயிச்சாங்களா?" என்றான்.

"இரு" என்று சொல்லி அதையே இன்னொரு தடவை முதலிலிருந்து போட்டேன்.