ஆஸ்பத்திரி ஸ்டாஃபுக்கான கவுன்சிலிங் சர்வீஸ்: ஆறு செஷன் முடிச்ச நர்ஸோட ரிவ்யூ (5க்கு 3)

எங்க ஆஸ்பத்திரில நர்ஸுங்க வரிசையா ரிசைன் பண்ண ஆரம்பிச்சதும் நிர்வாகம் வெளியில இருந்து ஒரு கவுன்சிலிங் சர்வீஸ ஏற்பாடு பண்ணுச்சு. ஃப்ரீதான், ஆறு செஷன், போன்லயே பேசலாம். நான் ஆறையும் முடிச்சுட்டேன், போலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

எனக்கு கெடச்ச கவுன்சிலர் தங்கமானவங்க. நைட் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்து படுத்தாலும் மருந்து ஏத்துற பம்ப் அலாரம் காதுல அடிச்சுட்டே இருக்கு மேடம், கண்ண மூடினா யாருக்கு ஆன்டிபயாடிக் போட்டேன் யாருக்கு விட்டேன்னு மனசு சார்ட்ட பொரட்டிட்டே கெடக்குதுன்னு சொன்னப்போ முழுசா கேட்டாங்க, நடுவுல ஒரு வார்த்த பேசல. அப்புறம், அடுத்த ஷிஃப்ட் நர்ஸ்கிட்ட ஹேண்டோவர் குடுத்ததும் அன்னைக்கு முடிச்ச மூணு வேலைய ஒரு சீட்டுல எழுதி லாக்கர்லயே வச்சுட்டு கெளம்புங்கன்னாங்க. சின்ன விஷயம்தான், ஆனா ரெண்டு வாரத்துல கொஞ்சம் தூங்க முடிஞ்சுச்சு.

டைமிங்தான் மோசம். காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் ஸ்லாட்டு, நைட் பாக்குறவங்க தூங்குற நேரமே அதுதான். இன்னொன்னு, பேசுறது ஹெச்ஆருக்கு போகுமான்னு முதல் நாளே கேட்டுருங்க. எத்தன பேர் பேசுனாங்கங்கிற கணக்கு மட்டும்தான் போகும்னு எனக்கு மெயில்ல எழுதி குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் மனசு விட்டு பேசுனேன்.

ரெண்டு ஸ்டார் கொறச்சதுக்கு காரணம் கவுன்சிலர் இல்ல. எங்களுக்கு ஆறு மாச கான்ட்ராக்ட், ரினியூவல் லெட்டர் கடைசி வாரத்துலதான் வரும். அது வர்ற வரைக்கும் லீவு கேக்க பயம், டபுள் டியூட்டி போட்டா முடியாதுன்னு சொல்ல பயம், மருந்து ஸ்டாக் இல்லன்னு இன்சார்ஜ் கிட்ட சொல்லக்கூட பயம், எங்க லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துருவாங்களோன்னு. இதுல ஒருத்தங்க போனா அவங்க பெட்டையும் எங்களுக்கே பிரிச்சு விடுவாங்க, ஆறு பேஷன்ட் பாத்தவ பத்து பாப்பா, அடுத்த மாசம் அவளும் போயிடுவா. 2002ல அமெரிக்காவுல 168 ஆஸ்பத்திரிய வச்சு லிண்டா ஐக்கன்ங்கிற நர்சிங் ஆராய்ச்சியாளரோட குழு பண்ணுன ஆய்வுலயே, ஒரு நர்ஸுக்கு ஒரே ஒரு பேஷன்ட் கூடுனா பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்துல மொத்தமா சோர்ந்து போற வாய்ப்பு 23 சதவீதமும், பேஷன்ட் 30 நாளுக்குள்ள எறந்துபோற வாய்ப்பு 7 சதவீதமும் கூடுதுன்னு வந்துச்சு. உலக சுகாதார நிறுவனமும் 2019ல பர்ன்அவுட்ட நோய்னு சொல்லல, சரியா கையாளாம விட்ட வேலை அழுத்தத்தால வர்றதுன்னுதான் சொல்லுது. அப்போ மூச்சுப் பயிற்சி மட்டும் எங்களுக்கு சொல்லிக் குடுத்தா எப்படி சரியாகும்?

என் கூட சேந்த ஒரு அக்கா போன மாசம் விட்டுட்டு போனாங்க. கடைசி நாள் ஹேண்டோவர்ல, எட்டாம் பெட் பாட்டிக்கு ஊசின்னா பயம், எடது கைல வெயின் நல்லா கெடைக்கும், பேசிக்கிட்டே போடுங்கன்னு பொறுமையா சொல்லிட்டு போனாங்க. இவ்வளவு அக்கறையா வேல பாக்குறவங்கள கவுன்சிலிங் குடுத்து நிறுத்த முடியாது, லெட்டர ரெண்டு மாசம் முன்னாடியே குடுத்திருந்தா இருந்திருப்பாங்க, எங்கிட்ட அவங்களே சொன்னாங்க.

தூக்கம் போயிருச்சு, டியூட்டிக்கு கெளம்பும்போதே அழுகை வருதுன்னா தயங்காம புக் பண்ணுங்க, ஆஃப் நாள்ல ஸ்லாட் எடுங்க. நிர்வாகத்துல யாராவது இத படிச்சா ரினியூவல் தேதிய மொதல்ல பாருங்க. எனக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு, லெட்டர் வரல.