மாவில்லாத மாலைப் பலகாரம்: குடைமிளகாயா, பஜ்ஜி மிளகாயா?

கடலூர் சில்வர் பீச்சுக்குப் போய்விட்டு பஜ்ஜி தின்னாமல் திரும்புவது சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெரிய வேதனை. பஜ்ஜியில் வில்லன் மிளகாய் அல்ல, மேலே போர்த்துகிற மாவுதான். 100 கிராம் கடலை மாவில் சுமார் 58 கிராம் மாவுச்சத்து. அதே எடை பச்சைக் குடைமிளகாயில் 5 கிராம்கூடத் தேறாது. மாவை விட்டுவிட்டு, மிளகாய்க்குள் பூரணம் அடைத்துச் சுட்டால் ஆசையும் தீரும், சர்க்கரையும் எகிறாது.

குடைமிளகாயில் காரமே கிடையாது, நிறையப் பூரணமும் கொள்ளும். தொல்லை அதன் தண்ணீர்தான். பச்சையாக அடைத்து அடுப்பில் வைத்தால் பூரணம் சொதசொதவென்று ஆகிவிடும். இரண்டாகப் பிளந்து, உப்பு தடவிக் கவிழ்த்து வைத்து, துடைத்து, வெறும் தோசைக்கல்லில் ஒருமுறை வாட்டிவிட்டு அடையுங்கள். அப்படியும் ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சரி, நாலு மணி டீக்குக் கொஞ்சம் அதிகம்.

பஜ்ஜி மிளகாய்க்குத் தோல் மெல்லிசு, சீக்கிரம் வெந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கீறி, உள்ளே இருக்கிற வெள்ளை நரம்பை விதையோடு வழித்தெடுத்தால் காரத்தில் பெரும்பகுதி போய்விடும். இரண்டு கடியில் முடிகிற அளவு. டீக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பூரணத்தில் உருளைக்கிழங்குக்கு இடமில்லை. பண்ருட்டி முந்திரி நம்ம ஊர்ச் சரக்கு என்றாலும் 100 கிராமில் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, நாலைந்து பருப்போடு நிறுத்துங்கள். பனீர் சுலபம், குடைமிளகாயின் இனிப்புக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் பஜ்ஜி மிளகாய்க்குள் அது சப்பென்று இருக்கிறது.

அங்கேதான் சுறாப்புட்டு ஜெயிக்கிறது. மீனில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். கடலூர் முதுநகரில் பால்சுறா கிடைத்தால் வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, உதிர்த்து, தண்ணீரை ஒட்டப் பிழியுங்கள். சோம்பு தாளித்து, பூண்டும் இஞ்சியும் வதக்கி, மஞ்சள்தூளோடு பொலபொலவென்று வரும்வரை கிளறுங்கள். வெங்காயம் வழக்கத்தில் பாதி போதும், அதிலும் மாவுச்சத்து உண்டு. சுறாவில் பாதரசம் அதிகம் சேரும் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். அவர்களுக்கு இறாலைப் பொடியாக நறுக்கி இதே தாளிப்பில் வதக்கி அடைக்கலாம்.

அடைத்த மிளகாயைக் கீறிய பக்கம் மேலே இருக்கும்படி கல்லில் அடுக்கி, சுற்றிலும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, மூடாமல் சுடுங்கள். மூடினால் ஆவி இறங்கி மிளகாய் துவண்டுவிடும்.