சிதறி விழும் ஃபோகஸ்: ஜார்ஜ்டவுன் மாடியில் ஒரு லென்ஸ் ரிப்பேர் கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கில் லென்ஸ் ரிப்பேருக்கு யாரிடம் போகலாம் என்று கேட்டால் இனி நான் சொல்லப்போவது இந்த ஒரு கடைதான். கொம்தார் கோபுரத்திலிருந்து நடந்து போகும் தூரம், பழைய கடைவீட்டின் மாடி, ஒரே ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். பெயரும் முகவரியும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இருக்கிற வேலையே கைக்கு மேல் கிடக்கிறதாம். ஜார்ஜ்டவுனில் பழைய ஸ்டூடியோக்காரர் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

என் லென்ஸ் 85 மி.மீ., எஃப் 1.8. ஆறு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் மாட்டித் தூக்கிப்போவது அதைத்தான். போன வருடக் கடைசியில் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். மாலை மாற்றும்போது தொடர்ந்து எடுத்த நாற்பது படங்களை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு படத்தில் பெண்ணின் கண் மங்கல், ஆனால் ஜிமிக்கியில் தொங்கும் ஒவ்வொரு முத்தும் தனித்தனியாகத் தெரிகிறது. அடுத்த படத்தில் மூக்கு நுனி கூர்மை, இமை முடி மங்கல். அதற்கடுத்தது கச்சிதம். மூன்றிலும் ஃபோகஸ் புள்ளி அதே கண்ணின் மேல்தான் இருந்தது, பெண்ணும் தலையைக் குனிந்தபடி அசையாமல் நின்றிருந்தாள். நாற்பதில் பதினொன்றுதான் தேறியது. அந்தக் குடும்பத்துக்கு அந்த நேரம் திரும்பி வரப்போவதில்லை, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல், அதாவது லென்ஸின் துளையை முழுதாகத் திறந்துவைத்து எடுத்தால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் கூர்மையாக வரும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ.தான். கண்ணுக்கும் காதுக்கும் இருக்கிற தூரம் அதைவிட அதிகம். அதனால் லென்ஸ் கொஞ்சம் பிசகினாலும் முகம் போய்விடும்.

முதலில் வேறொரு கடைக்குப் போனேன். அரை மணி நேரத்தில் 'காலிபரேஷன்' முடிந்தது என்று 120 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் அதே கதை. அப்புறம் நானே கேமரா மெனுவில் இருக்கிற ஃபோகஸ் நுண்திருத்தத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு நாள் மைனஸ் 7, மறுநாள் பிளஸ் 3, அதற்கு மறுநாள் மறுபடி பூஜ்யம் என்று மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் எண்தான் சரி என்று தோன்றியது.

அண்ணன் லென்ஸைக் கையில் வாங்கும் முன்பே கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, தப்பு ஒரே பக்கமா விழுதா, இல்ல சிதறி விழுதா?"

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாருமே கேட்டதில்லை. இதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸ் பார்ப்பது படம் பிடிக்கும் சென்சார் இல்லை. கேமராவுக்குள் சாய்வாக நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு குட்டிக் கண்ணாடி வெளிச்சத்தைக் கீழே திருப்பிவிட, கேமராவின் அடிப்பக்கம் இருக்கும் தனிச் சென்சார்தான் ஃபோகஸ் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கிறது. அந்த வழியும் படச் சென்சாருக்குப் போகும் வழியும் மயிரிழை வித்தியாசப்பட்டால் எல்லாப் படமும் முன்னால் விழும், அல்லது எல்லாப் படமும் பின்னால் விழும். அதற்குத்தான் நுண்திருத்தம், ஓர் எண்ணைப் போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு படம் முன்னால், ஒரு படம் பின்னால் என்று சிதறி விழுந்தால் எந்த எண்ணைப் போட்டும் பயனில்லை. சிதறல் அப்படியே இருக்கும், மொத்தமாக இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும், அவ்வளவுதான். நான் மூன்று வாரம் நகர்த்திக்கொண்டிருந்தது அதைத்தான்.

பிறகு என் கண்ணெதிரிலேயே சோதனை. கேமராவை முக்காலியில் வைத்து, கோயில் காலண்டர் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு மர அளவுகோலைச் சாய்வாக நிறுத்தினார். டேப் வைத்து அளந்து கேமராவை 2.1 மீட்டரில் வைத்தார். ஃபோகல் லெங்த்தைப்போல (என் லென்ஸில் அந்த 85 மி.மீ.) குறைந்தது 25 மடங்கு தூரம் வேண்டும், முடிந்தால் 50 மடங்கு என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைத் தானே கலைத்துவிட்டார், ஒரு தடவை தூரக் கடைசிக்கு, அடுத்த தடவை கிட்டக் கடைசிக்கு. இருபது படம். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பேனாவால் புள்ளி வைத்தார், கூர்மை முன்னால் என்றால் கோட்டுக்குக் கீழே, பின்னால் என்றால் கோட்டுக்கு மேலே.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தூரத்திலிருந்து ஓடி வந்த படங்கள் கிட்டத்தட்ட எல்லாம் பின்னால் விழுந்திருந்தன. கிட்டத்திலிருந்து போனவை முன்னால். எந்தப் பக்கமிருந்து புறப்பட்டாலும் லென்ஸ் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடுகிறது. "மோட்டார் சுத்துது, ஆனா சுத்துற அளவுக்கு லென்ஸ் கண்ணாடி நகரல. உள்ளே லூஸ்" என்றார்.

அடுத்து லைவ் வியூவில், அதாவது வியூஃபைண்டரை விட்டுவிட்டுப் பின்திரையில் பார்த்து, பத்துப் படம். பத்தும் கூர்மை. எனக்குக் குழப்பமாகிவிட்டது, லென்ஸில் கோளாறு என்றால் அதிலும் தெரிய வேண்டாமா? என் கேமராவின் லைவ் வியூ படச் சென்சாரிலேயே பார்த்துப் பார்த்து, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து நிற்பதால் அந்த லூஸை அதுவே சரிக்கட்டிவிடுகிறதாம். வியூஃபைண்டர் முறை பெரும்பாலும் ஒரு தடவை அளந்து 'இவ்வளவு நகரு' என்று கட்டளை போடுகிற வேகமான முறை. லென்ஸ் அந்தக் கட்டளையை அப்படியே நிறைவேற்றினால்தான் படம் சரியாக வரும். கடைசியாகத் தன் கேமரா ஒன்றில் என் லென்ஸையும், என் கேமராவில் தன் லென்ஸையும் மாற்றி மாட்டினார். தப்பு என் லென்ஸோடுதான் போனது. கேமரா பழசு, மிரர்லெஸ் (உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) வாங்கிவிடு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தச் சோதனை எனக்குப் பல ஆயிரம் வெள்ளியை மிச்சப்படுத்தியது.

திறப்பதற்கு முன் எளிய காரணங்களையும் விடவில்லை. ஃபில்டரைக் கழற்றச் சொன்னார், லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையமான மவுண்டின் திருகுகளைத் தொட்டுப் பார்த்தார், தங்கமுலாம் பூசிய தொடர்புப் புள்ளிகளைத் துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தார். நான் பென்சில் ரப்பரால் தேய்ப்பேன் என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது, ரப்பர் தூள் உள்ளே போகும், முலாமும் தேயும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். என் எடுக்கும் பழக்கத்தையும் விசாரித்தார்: கண்ணில் ஃபோகஸ் பூட்டிவிட்டு ஃபிரேமைத் திருப்புகிறேனா, தொடர் ஃபோகஸில் வைத்துக்கொண்டு கேமராவைத் திருப்புகிறேனா, நடுப்புள்ளி திரையில் காட்டும் கட்டத்தைவிடப் பெரிய இடத்தைப் பார்க்கும் என்பது தெரியுமா. தன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு லென்ஸில் ஒன்றுமே இருக்காது, அவர்களிடம் காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். நான் உட்கார்ந்திருந்தபோதே ஒரு பையனை அப்படி அனுப்பினார், அதைப் பார்த்த பிறகுதான் லென்ஸை விட்டுவிட்டு வர மனம் வந்தது.

ஒன்பது நாள் கழித்துப் போனேன். வெள்ளைத் தட்டு ஒன்றில் பழைய பாகங்களை எடுத்துவைத்திருந்தார். ஃபோகஸ் கண்ணாடிக் கூட்டைத் தாங்கி, காடிக்குள் ஓடவைக்கும் சின்ன உருளைகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. லூப் என்கிற குட்டிப் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வட்டமாக இருக்க வேண்டியதில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது, இன்னொன்றில் விரிசல். அந்தத் தட்டைப் பக்கம்தான் என் நாற்பது படத்தில் இருபத்தொன்பதைத் தின்றிருக்கிறது. அதே மாடல் உடைந்த லென்ஸ் ஒன்றிலிருந்து நல்ல உருளைகளை எடுத்து மாற்றியிருந்தார். மறுபடி அதே காலண்டர், அதே அளவுகோல், இருபது புள்ளி. எல்லாம் ஒரே இடத்தில், கொஞ்சம் பின்னால். இப்போதுதான் நுண்திருத்தத்துக்கு வேலை வந்தது என்று சொல்லி மைனஸ் 4 போட்டுக்கொடுத்தார். கூலி 180 வெள்ளி. 200-ஐத் தாண்டாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார், தாண்டவில்லை. மூன்று மாத உத்தரவாதத்தைக் கையாலேயே எழுதித் தந்தார்.

குறைகளும் இருக்கின்றன. படி செங்குத்து, வயதானவர்களுக்குக் கஷ்டம். வாட்ஸ்அப்பில் பதில் வர இரண்டு நாள் ஆகும். அட்டை கிடையாது, ரொக்கம் மட்டும். உதிரிப் பாகம் கிடைக்காத மாடல் என்றால் வாங்கிக்கொள்ளவே மாட்டார். கல்யாண சீசனில் ஒன்பது நாள் என்பது நீளம்தான், எனக்கு இரவல் லென்ஸ் தர ஒரு நண்பர் இருந்ததால் சமாளித்தேன். ஆனாலும் அரை மணியில் முடித்துத் தரும் இடத்தைவிட, இருபது படம் எடுத்துப் புள்ளி வைக்கிற இவரிடமே என் லென்ஸைக் கொடுப்பேன்.

போன வாரம் தண்ணீர்மலையில் ஒரு கல்யாணம், அதே லென்ஸ், அதே எஃப் 1.8. மாலை மாற்றும்போது எடுத்தது ஐம்பது. நாற்பத்தாறு கண்ணில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, மீதி நாலில் பெண்ணே சிரித்துத் தலையைத் திருப்பிவிட்டாள். போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள், கேமராவையும் சேர்த்து எடுத்துப்போங்கள், லென்ஸை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். மங்கலாக வந்த படங்கள் இருபதையாவது அழிக்காமல் கார்டில் வைத்திருங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.