உதகையில் இசை நிகழ்ச்சி: திறந்தவெளியா, அரங்கமா?

உதகையில் இசை நிகழ்ச்சி நடத்த முனைவோர் பலர் இவ்விரண்டுக்குமிடையே தயங்குகின்றனர்.

மரபு: திறந்தவெளியே மூத்தது. நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் கொள் என்னும் ஊதுகருவியையும் தோல்கருவிகளையும் தம் கோயில் திருவிழாக்களில் மட்டுமன்றி, அண்டைச் சமூகத்தவரான தோடர், படகர் ஆகியோரின் சடங்குகளிலும் வாசித்துவந்தனர். மலையின் இசை வரலாற்றை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1848இல் உருவான தாவரவியல் பூங்காவிலும் கோடை விழாக் கலைநிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அரங்கமோ ஆங்கிலேயர் வழி வந்தது. அவர்கள் காலத்து அரங்கமான அசெம்ப்ளி ரூம்ஸ் பின்னாளில் திரையரங்கானது.

ஒலி: வெளியில் நாதஸ்வரமும் தவிலும் முழு வீச்சுடன் ஒலிக்கும், வீணையும் தனிக்குரலும் ஒலிபெருக்கியின்றிக் கரைந்துவிடும். அரங்கத்தில் நிலைமை நேர்மாறானது.

தட்பவெப்பம்: சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் ஈரம் தோல்கருவிகளின் தோலைத் தளர்த்தும், குளிர்காற்று குழலின் சுருதியை இறக்கும். கோத்தர்கள் முழவுகளைத் தீயருகே காய்ச்சுவது இதனால்தான்.

செலவு: வெளியில் மேடை, பந்தல், மின்னாக்கி எனத் தனித்தனியே கூடும், அரங்கத்தில் பெரும்பாலும் வாடகைதான்.

எனவே ஜூன் முதல் நவம்பர் வரையிலான மழை மாதங்களில் கர்நாடக இசைக் கச்சேரி வைப்போருக்கு அரங்கமே ஏற்றது. நாதஸ்வரத்துக்கும் பெருங்கூட்டத்துக்கும் ஏப்ரல், மே மாதத் திறந்தவெளி பொருந்தும். ஆயினும் கோடைமழைக்குப் பந்தல் தேவை. கோத்தர் இசையை அழைப்போர் எம்மாதமாயினும் வெளியையே தேர்ந்தெடுக்கட்டும். அவ்விசைக்கு ஆடுவோர் வட்டமாகச் சுற்றிவர அரங்க மேடையில் இடமிராது.