அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி பக்கம் ஸ்கி (பனிச்சறுக்கு) டிக்கெட் தள்ளுபடில வாங்கப் போறீங்களா, இத படிச்சுட்டு வாங்குங்க

இன்னும் கோவம் அடங்கல, அதனால முன்னபின்ன எழுதுவேன், பொறுத்துக்கோங்க. பல ஸ்கி ரிசார்ட்டுகள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுக் காட்டி, கூடவே தள்ளுபடில லிஃப்ட் டிக்கெட்டும் (சறுக்குறதுக்கு மலை மேல ஏத்திவிடுற லிஃப்டுக்கான டிக்கெட்) விக்கிற ஒரு ஆன்லைன் சைட். பேர் போட்டா வக்கீல் நோட்டீஸ் அது இதுன்னு இழுப்பானுங்க, அதனால போடல. என்கிட்ட 1,380 டாலர் வாங்கிட்டு பட்டை நாமம் போட்டுட்டானுங்க.

டெக்சாஸ்ல இருந்து அக்கா குடும்பம் வந்திருந்தாங்க. அக்கா பசங்க ரெண்டு பேரும் பனியவே நேர்ல பாத்ததில்ல, வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போன்ல "மாமா, எந்த மலைக்கு கூட்டிட்டு போவீங்க"ன்னு ஒரே கேள்வி. இந்த ஊருல அதுக்கு பதில் சொல்றது அவ்வளவு சுலபம் இல்லங்க. லிட்டில் காட்டன்வுட் கேன்யன்ல (மலைப் பள்ளத்தாக்கு) ஆல்டா, ஸ்னோபேர்ட். பக்கத்து பிக் காட்டன்வுட்ல சாலிட்யூட், பிரைட்டன். மலைக்கு அந்தப்பக்கம் பார்க் சிட்டி, டீர் வேலி. வடக்க ஆக்டன் பக்கம் போனா ஸ்னோபேசின், 2002 ஒலிம்பிக்ல டவுன்ஹில் ரேஸ் நடந்த மலை. எல்லாமே ஏறக்குறைய ஒரு மணி நேர டிரைவ்தான். ஆனா ஒவ்வொண்ணுக்கும் விலை வேற, ரோடு வேற, பார்க்கிங் சட்டம் வேற. பார்க் சிட்டில கூட்டமான நாள்ல கவுண்டர் விலை ஆளுக்கு 300 டாலரையே தாண்டுது, அதனால குடும்பத்தோட போறவன் தள்ளுபடி தேடத்தான் செய்வான். அந்த தேவைய தெரிஞ்சுக்கிட்டுதான் இவனுங்க கடைய விரிச்சிருக்கானுங்க.

நம்பினது எப்படின்னு சொல்றேன், ஏன்னா அடுத்த ஆளும் அப்படித்தான் மாட்டுவாங்க. சைட்ல ஒரு பெரிய டேபிள், எந்த மலைல எவ்வளவு பனி, எத்தனை லிஃப்ட், பசங்களுக்கு எது, எங்க நைட் ஸ்கியிங் இருக்கு, எல்லாம் வரிசையா. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சரிபாத்தேன், ஒண்ணுகூட தப்பா இல்ல. சாட்ல ஒருத்தன் வந்தான். மச்சான் ஸ்னோபோர்டு (ரெண்டு காலையும் ஒரே பலகைல வெச்சு சறுக்குறது) ஓட்டுறவரு, அதனால சோதிச்சு பாக்கணும்னே "நாங்க ஆல்டா போகலாமா"ன்னு கேட்டேன். உடனே பதில் வந்துது: "வேணாம் சார், ஆல்டாவும் டீர் வேலியும் ஸ்கி மட்டும்தான், ஸ்னோபோர்ட உள்ளயே விடமாட்டாங்க, அமெரிக்காவுலயே இப்படி இருக்கிறது மூணே இடம், மூணாவது வெர்மான்ட்ல இருக்கு." அத்தனையும் உண்மை. அடுத்து அவனே சொல்றான், லிட்டில் காட்டன்வுட் ரோடு பனி கொட்டினா பனிச்சரிவு ஆபத்த குறைக்கிற வேலைக்காக மூடிடுவாங்க, பசங்கள வெச்சுக்கிட்டு நடுவுல மாட்டிக்காதீங்க, முதல் நாள் பிரைட்டன் போங்க, பழகுறவங்களுக்கு நல்ல மலை, ரெண்டாவது நாள் பார்க் சிட்டி போங்கன்னு. கூடப்பிறந்தவன் மாதிரி அக்கறையா பேசினான். ரெண்டு நாளும் வெலகூடின ரிசார்ட்டயே தலைல கட்டாம முதல் நாளுக்கு கம்மியானத சொல்றானேன்னுதான் எனக்கு மனசு ஒப்புச்சு.

ஆறு பேருக்கும் ரெண்டு நாள் டிக்கெட், பசங்களுக்கு பிகினர் க்ளாஸ், எல்லாம் சேத்து 1,380 டாலர். கிரெடிட் கார்டு போட்டா பேஜ் எரர் காட்டுது, திரும்ப போட்டாலும் அதேதான். சாட்ல கேட்டா "இன்னைக்கு கார்டு கேட்வே டவுன் சார், பேங்க் ஆப்ல நேரா அனுப்புங்க, இந்த விலை ராத்திரி 12 மணி வரைக்கும்தான்"னான். அனுப்பின அஞ்சு நிமிஷத்துல க்யூஆர் கோடு போட்ட வவுச்சர் வந்துது, ரிசார்ட் லோகோ, எங்க பேரு, தேதி, எல்லாம் பக்காவா.

சனிக்கிழமை காலைல பிரைட்டன் டிக்கெட் ஜன்னல் முன்னாடி நிக்கிறோம். அந்தப் பொண்ணு என் போன வாங்கி ஸ்கேன் பண்ணுச்சு, ஒண்ணும் வரல. போன் வெளிச்சத்த கூட்டி மறுபடி பண்ணுச்சு. அப்புறம் ஆர்டர் நம்பர டைப் பண்ணுச்சு, என் பேரையும் டைப் பண்ணுச்சு. "சார், இப்படி ஒரு ஆர்டரே எங்க சிஸ்டத்துல இல்ல, க்ளாஸ்லயும் உங்க பசங்க பேரு இல்ல." எனக்கு பின்னாடி பெரிய க்யூ, சின்னவன் வாடகை பூட்ஸ மாட்டிக்கிட்டு நடக்கத் தெரியாம அக்கா கையப் புடிச்சுட்டு நிக்கிறான், பெரியவ "மாமா, உள்ள போலாமா"ங்கறா. அன்னைக்கு பிகினர் க்ளாஸ் ஏற்கனவே ஃபுல்லு. என்ன சொல்றது அந்தப் பசங்ககிட்ட? மச்சான் பெருந்தன்மையா "விடுப்பா, பாத்துக்கலாம்"னாரு, எனக்குத்தான் அவர் மூஞ்சிய பாக்க முடியல.

அங்கயே நின்னு சாட் ஓப்பன் பண்ணேன். ரிசார்ட் சர்வர் ஸ்லோ, அரை மணி நேரம் வெயிட் பண்ணுங்கன்னான். பண்ணோம். அப்புறம் "அங்க மேனேஜர கூப்பிடச் சொல்லுங்க"ன்னான். மேனேஜரும் வந்து பாத்தாரு, பாவம் அவர் என்ன பண்ணுவாரு, எங்களுக்கும் அந்த சைட்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்லன்னு தெளிவா சொல்லிட்டாரு. அத சாட்ல போட்டா, முந்தின நாள் வரைக்கும் மலை மலையா விவரம் சொன்னவன காணோம், வேற பேருல ஒரு ஆளு "உங்க கவலை எங்களுக்கு புரிகிறது"ன்னு ஒரே டெம்ப்ளேட்ட திருப்பித் திருப்பி ஒட்டுறான். மறுநாள் நான் மட்டும் பார்க் சிட்டி போய் கேட்டேன், அங்கயும் அதே கதை.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் மோசம். ஈமெயில் போட்டா, வவுச்சர் டெலிவர் ஆயிடுச்சு, டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாதுன்னு பதில். இல்லாத டிக்கெட்டுக்கு என்னய்யா டெலிவரின்னு கேட்டா, அடுத்த சீசனுக்கு கிரெடிட் தர்றோம்ங்கறான். சத்தம் போட்ட பிறகு ரீஃபண்ட் ப்ராசஸ் ஆகுது, 7-10 வேலை நாள்னான். அந்த நாளும் தாண்டி கேட்டா "உங்க புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது"ன்னு வருது! யார்ரா தீத்தது? போன் பண்ணா பாட்டு ஓடுது, ஓடி ஓடி கட் ஆகுது. பேங்க்ல கேட்டா நீங்களே ஓகே குடுத்து அனுப்பின பணம், கார்டு மாதிரி திருப்பி எடுக்க வழியில்லன்னுட்டாங்க. அப்பத்தான் புரிஞ்சுது அந்த கேட்வே ஏன் டவுன் ஆச்சுன்னு. 1,380 டாலர்ங்க, ஒரு குடும்பத்தோட மாச மளிகைய தாண்டின காசு. வயிறு எரியுது.

எந்த ரிசார்ட்ட எப்படி தேர்ந்தெடுக்கிறதுன்னு விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப கை ஓடல. அவசரமா சிலது மட்டும் சொல்றேன். டிக்கெட்ட ரிசார்ட்டோட சொந்த சைட்லயே வாங்குங்க, முன்கூட்டியே வாங்கினா கவுண்டர் விலைய விட கம்மியாத்தான் இருக்கும். வேற எங்கயாவது வாங்கிட்டீங்கன்னா கிளம்புறதுக்கு முன்னாடி ரிசார்ட்டுக்கு போன் போட்டு உங்க பேரு சிஸ்டத்துல இருக்கான்னு கேளுங்க. எபிக், ஐகான்னு பல மலைக்கும் சேத்து விக்கிற சீசன் பாஸ்ல ஒருத்தர் பாஸ இன்னொருத்தர் யூஸ் பண்ண முடியாது, "என் பாஸ் சும்மா கிடக்கு, வாங்கிக்கிறீங்களா"ன்னு எவனாவது வந்தா ஓடிடுங்க. பார்க்கிங்கும் பாருங்க, வாரக்கடைசில பிரைட்டன், ஆல்டாவுல முன்பதிவு இல்லாம போனா திருப்பி அனுப்பிடுவாங்க, கேன்யனுக்கு ஸ்கி பஸ் ஓடுது, அது நிம்மதி. கிரெடிட் கார்டு மட்டும் போடுங்க, ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள்ள டிஸ்ப்யூட் பண்ண சட்டத்துலயே இடம் இருக்கு. கார்டு எடுக்கலன்னு சொல்ற சைட்ல அந்த நிமிஷமே வெளிய வந்துடுங்க.

எஃப்டிசில (மோசடி புகார் வாங்குற அமெரிக்க அரசு அமைப்பு) ஆன்லைன் புகார் குடுத்துட்டேன், பேங்க்லயும் மறுபடி அப்பீல் போட்டிருக்கேன். அந்த 1,380 டாலர்ல இதுவரைக்கும் ஒரு சென்ட் வரல, ஆனா அந்த சைட்ல அதே டேபிள், அதே தள்ளுபடி, இன்னைக்கு காலைலகூட ஓடிட்டுதான் இருக்கு.